நாற்பது வருடப் பழைய அலுமினியப் படகை வாங்கலாமா?

ஸ்காபரோவில் வசிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. போர்ட் பெரிக்கு அருகே ஒருவரிடம் 14 அடி நீள அலுமினியப் படகு ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. 1980-களின் நடுப்பகுதியில் செய்யப்பட்டது என்று விற்பவர் சொல்கிறார். 9.9 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் இயந்திரமும் ட்ரெய்லரும் சேர்த்து விலை 1,800 டொலர். வாங்கியதும் நடு இருக்கையை வெட்டியெடுத்துச் சமதளம் அமைத்து, புதுப் பூச்சும் அடித்து, மூன்று நண்பர்களுடன் ஸ்கூகொக் ஏரியில் மீன்பிடிக்கப் போக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். இது தகுமா, எதைப் பார்த்து வாங்குவது, திருத்த வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

பின்பலகை உறுதியாக இருந்து, இயந்திரமும் குளிர்ந்த நிலையிலிருந்து உங்கள் கண்முன் இயங்கினால், தாராளமாக வாங்கலாம். நடு இருக்கையை மட்டும் வெட்ட வேண்டாம். இதே அளவுள்ள மூன்று படகுகளை வாங்கித் திருத்தியவன், அவற்றில் ஒன்றை என் கையாலேயே கெடுத்தவன் என்ற தகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வயதைப் பற்றிய அச்சத்தைத் தள்ளிவையுங்கள். இவ்வகைப் படகுகள் இரண்டாம் உலகப் போரின் விமானத் தொழிலிலிருந்து பிறந்தவை. போர் முடிந்த காலத்தில், போர்விமானம் செய்துவந்த கிரம்மன் நிறுவனம் அதே தகட்டையும் தகடுகளைப் பிணைக்கும் அதே தறையாணி (ரிவெட்) முறையையும் கொண்டு துடுப்புப் படகுகள் செய்யத் தொடங்கியது. மினசோட்டாவில் 1948-இல் தொடங்கிய லண்ட், கியூபெக்கின் பிரின்ஸ்வில்லில் இயங்கும் பிரின்ஸ்கிராஃப்ட் போன்றவர்களின் பழைய படகுகள் இன்னமும் ஒன்ராறியோ ஏரிகளில் ஓடுகின்றன. அலுமினியம் காற்றுப்பட்ட மறுகணமே தன்மேல் மெல்லிய ஒக்சைட் படலத்தைப் போர்த்திக்கொள்வதால், நன்னீரில் தனியாக விடப்பட்ட தகடு எத்தனையோ பத்தாண்டுகள் கிடக்கும். சீக்கிரம் கெடுவது அதனோடு சேர்த்து வைக்கப்பட்ட பொருள்கள்தான்: பின்பலகைக்குள் இருக்கும் மரம், இருக்கைகளுக்குள் இருக்கும் நுரை, யாரோ ஒருவர் பூட்டிய பித்தளைத் திருகாணி, ட்ரெய்லரில் படகு அமர்ந்திருக்கும் கட்டை. ஆகவே பார்க்கப் போகும்போது பூச்சின் பளபளப்பில் கண்ணை ஓட்டாமல், இவை ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள்.

பின்பலகை என்று நான் சொல்வது இயந்திரம் தொங்கும் டிரான்சத்தை. வெளியே அலுமினியத் தகடு தெரிந்தாலும் உள்ளே ஒன்றரை அங்குல அளவுக்கு ஒட்டுப்பலகை இருக்கும். இயந்திரத்தின் எடையையும் உந்துவிசையையும் தாங்குவது அந்த மரமே. மேல் விளிம்பு மூடியின் வழியாகவும் திருகாணித் துளைகளின் வழியாகவும் மழைநீர் இறங்கி, வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி, மரத்தை உளுத்துப்போகச் செய்யும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இயந்திரத்தைக் கீழே இறக்கிய நிலையில் அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே பின்பலகையின் மேல் விளிம்பைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி வளைந்தால் மரம் போய்விட்டது. பிறகு உள்பக்க மரத்தைத் திருகாணிச் செலுத்தியின் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள்; நல்ல மரம் "டக்" என்று பதில் சொல்லும், உளுத்த மரம் ஈரத் துணியில் தட்டியதுபோல் ஒலியை விழுங்கிவிடும். நான் இரண்டாவதாக வாங்கிய படகில், இயந்திரத்தின் பூட்டுப்பிடி அழுத்தியிருந்த இடத்தில் செலுத்தியின் நுனியை வைத்துச் சற்று அழுத்தினேன். அரை அங்குலம் உள்ளே போயிற்று. வெளியே இழுத்ததும் சாயம் இறங்கிய தேநீர் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. விற்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலையில் 500 டொலர் அந்த இடத்திலேயே குறைந்தது.

உளுத்த பின்பலகை படகை நிராகரிக்கக் காரணம் அன்று; அதை மாற்றுவது இரண்டு வார இறுதிகளின் வேலை. ஆனால் அதற்கான நேரத்தையும் செலவையும் விலையிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். நிராகரிக்க வேண்டியது, தகட்டில் வெள்ளைப் பொடி பூத்து, அதைச் சுரண்டினால் ஊசித்துளை தெரியும் படகை. அதுவும் ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பின்) ஓரமாகவும் ட்ரெய்லர்க் கட்டைகள் படும் இடத்திலும் அப்படி இருந்தால், உப்புநீரில் கிடந்ததோ, தவறான மரத்தின்மேல் பல வருடம் குந்தியிருந்ததோ தெரியாது. எதுவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஏராவைப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நேராக ஓட வேண்டும். நடுவில் மேல்நோக்கிக் குழிந்திருந்தால், பாறையில் மோதியிருக்கும், அல்லது ட்ரெய்லர் தவறான இடத்தில் தாங்கியிருக்கும்.

அடுத்தது எடை. பலரும் இதைக் கவனிப்பதில்லை. இருக்கைகளுக்குக் கீழே இருக்கும் நுரை, படகு கவிழ்ந்து நீர் நிரம்பினாலும் மூழ்காமல் மிதக்க வைப்பதற்கானது. ஒரு கன அடி நுரை ஏறக்குறைய 60 இறாத்தல் எடையைத் தாங்கும். பழைய நுரை பல வருடங்கள் தண்ணீருக்குள் ஊறினால் கடற்பஞ்சு போலக் கனத்துவிடும். தாங்க வேண்டியது தானே சுமையாகிவிடும். ட்ரெய்லரில் இருக்கும் படகின் முன்தலையைக் கையால் தூக்கிப் பாருங்கள். 14 அடிப் படகின் வெற்று உடல் வழக்கமாக 200 முதல் 300 இறாத்தலுக்குள் இருக்கும். ஒருவர் முன்தலையைச் சிரமமின்றித் தூக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் உள்ளே நீர் இருக்கிறது.

இயந்திரத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கரையில் வெளியிணைப்பு இயந்திரம் என்று சொன்னதையே இங்கே அவுட்போர்டு என்கிறார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் முதலில் அதன் தலைமூடியைத் திறந்து உள்ளே கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் இயந்திரத்தை உங்களுக்காக முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கக்கூடும். ஒரு பெரிய வாளித் தண்ணீரில் அடிப்பகுதியை அமிழ்த்தி ஓடவிட்டால், பக்கவாட்டுத் துளையிலிருந்து நீர் சீராகப் பீறிட வேண்டும். பீறிடாவிட்டால் நீரேற்றும் இறப்பர்ச் சுழலி தேய்ந்திருக்கும். மலிவான பாகம்தான், ஆனால் அது இல்லாமல் ஓட்டிய இயந்திரம் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்பதே கேள்வி. அமுக்கமானியைக் கொண்டுபோய் இரண்டு சிலிண்டர்களையும் அளந்துபாருங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வேறுபடக்கூடாது. இயந்திரத்தின் அடியில் பற்சக்கரங்கள் இருக்கும் பெட்டியின் கீழ்த் திருகாணியைச் சற்றுத் தளர்த்தினால் வரும் எண்ணெய் பால் கலந்த தேநீர் போலிருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. கடைசியாக, அளவு நாடாவால் பின்பலகையின் உயரத்தை அளந்து கொள்ளுங்கள்: 15 அங்குலத்துக்குக் குட்டைத் தண்டு, 20 அங்குலத்துக்கு நீண்ட தண்டு. வேறு படகிலிருந்து கழற்றி மாட்டிய இயந்திரம் பொருந்தாத தண்டோடு இருப்பது அடிக்கடி காணும் ஒன்று.

9.9 என்ற வினோத எண்ணுக்கும் பொருள் உண்டு. கனடாவில் 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகுக்கு உரிமம் எடுத்து எண்களைப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். 9.9 அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது. இது படகுக்கான உரிமம். ஓட்டுபவரின் தகுதி அட்டை வேறு. இயந்திரத்தின் அளவு எதுவானாலும் 2009 செப்டெம்பர் 15 முதல் எல்லோருக்கும் அது கட்டாயம். பின்பலகையின் வலப்பக்க மேல்மூலையில் 12 குறிகள் கொண்ட உடல் அடையாள எண் இருக்க வேண்டும். 1981 ஓகஸ்ட் 1-க்குப் பிறகு இங்கே செய்யப்பட்ட படகு என்றால் அது இல்லாதிருக்க நியாயமில்லை. கடைசிக் குறிகள் ஆண்டைச் சொல்லிவிடும். விற்பவரின் நினைவாற்றலை நம்ப வேண்டியதில்லை. ட்ரெய்லரின் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்த்து, கையொப்பமிட்ட விற்பனைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை கசிவு தேடுதல். படகை ட்ரெய்லரிலேயே நன்றாகத் தாங்கி வைத்து, வடிகால் அடைப்பானைப் போட்டு, உள்ளே பத்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேற்படாமல் தண்ணீர் விடுங்கள். அவ்வளவு தண்ணீரே ஏறத்தாழ 300 கிலோ என்பதை மறக்கக்கூடாது. விளிம்புவரை நிரப்பிப் படகையும் ட்ரெய்லரையும் வளைத்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு கீழே படுத்து, எந்தத் தறையாணியின் தலையில் துளி திரள்கிறதோ அதைச் சுற்றி மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுங்கள். நாற்பது வருடப் படகில் இருபது முப்பது வட்டங்கள் வந்தால் பதற வேண்டியதில்லை.

கசியும் தறையாணிகளில் பெரும்பாலானவை வெறுமனே தளர்ந்தவை. வெளியே ஒருவர் கனமான இரும்புக் கட்டியைத் தலையில் அழுத்திப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் வாலைச் சுத்தியலால் அளவாகத் தட்டினால் மீண்டும் இறுகிவிடும். இது இருவர் வேலை. உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. "பிடி", "அடி", "அடுத்தது" என்ற மூன்று சொற்களை முன்கூட்டியே பேசிவைத்துக் கொள்ளுங்கள். தலை அறுந்தவற்றைத் துளையிட்டு எடுத்துவிட்டுப் புதியதை அடிக்க வேண்டும். திடத் தறையாணியே சிறந்தது. உட்புறம் கை எட்டாத இடத்தில் மட்டும் இழுவைத் தறையாணி (பொப் ரிவெட்) போடலாம். அதுவும் முனை மூடிய வகையாக, நடுக்கம்பியும் அலுமினியமாக இருக்க வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில் துளை திறந்திருக்கும், நடுக்கம்பி இரும்பாக இருக்கும். அது தண்ணீரையும் விடும், துருவையும் கொண்டுவரும்.

இத்தனைக்கும் பிறகு மூட்டுகளில் ஈரம் கசிந்தால், உட்புறத்தை நன்றாகக் கழுவி, ஸ்டெயின்லெஸ் கம்பித் தூரிகையால் தேய்த்து, குளுவிட் போன்ற நெகிழும் எப்பொக்சியை வெயில் ஏறிய நாளில் மூட்டுகளின்மேல் தடவுங்கள். தகடு சூடாக இருந்தால் எப்பொக்சி இளகி இடுக்குகளுக்குள் இறங்கும். மரக்கலங்களின் பலகை இடுக்கில் பஞ்சும் எண்ணெயும் செலுத்திக் கலப்பற்றியவர்களின் வேலைதான் இது, பொருள் மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் தளர்ந்த தறையாணியை இறுக்காமல் மேலே பூசி மறைப்பது ஒரு பருவத்துக்கு மட்டுமே தாங்கும். ஓடும்போது தகடு அசைய அசையப் பூச்சு வெடித்துவிடும்.

பின்பலகை மாற்றுவதாக இருந்தால், பழையதை உடைக்காமல் எடுத்து அதையே அச்சாக வைத்துப் புதியதை வெட்டுங்கள். முக்கால் அங்குல ஒட்டுப்பலகைகள் இரண்டை நீர்தாங்கும் பசையால் ஒட்டி ஒன்றரை அங்குலமாக்கி, எல்லாப் பக்கமும், முக்கியமாக வெட்டுமுனைகளிலும் ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும், எப்பொக்சி இரண்டு மூன்று தடவை ஊற வேண்டும். கடல்தரப் பலகை கிடைத்தால் நல்லது. விலை கட்டுப்படாவிட்டால் வெளிப்புறத் தரப் பலகையும் போதும், பூச்சு ஒழுங்காக இருந்தால். எக்காரணம் கொண்டும் அழுத்தமுறையில் மருந்தேற்றிய பச்சை நிற மரத்தைப் போடாதீர்கள். நான் கெடுத்ததாகச் சொன்ன படகு இதனால்தான் கெட்டது. உளுக்காத மரம் என்று மகிழ்ந்து, வீட்டுப் பின்புறத் தளத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய பலகையைப் பின்பலகையாக்கினேன். அந்த மரத்தை உளுக்காமல் காப்பது அதிலுள்ள செம்பு. வீட்டு உபயோக மரங்களில் ஆர்சனிக் கலந்த மருந்து 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டபோது, பதிலாக வந்த மருந்துகளில் செம்பின் அளவு கூடியது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சந்தித்தால் அது ஒரு மின்கலம். கரைவது எப்போதும் அலுமினியம்தான். மூன்றாவது வசந்தத்தில் தகட்டின்மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டியபோது மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. இதே காரணத்தால் உங்கள் ட்ரெய்லரின் தாங்குகட்டைகளையும் பாருங்கள். மருந்தேற்றிய மரத்தின்மேல் கம்பளம் சுற்றியிருந்தால், அந்த ஈரக் கம்பளம் செம்பைப் படகுக்குக் கொண்டுவந்து கொடுக்கும்; சாதாரண மரத்துக்கு மாற்றிவிடுங்கள். பித்தளைத் திருகாணிகளை அகற்றி ஸ்டெயின்லெஸ் போடுங்கள், அதையும் சீலன்ட் தடவியே செலுத்துங்கள். படகின் அடியில் பூசும் செம்பு கலந்த பூச்சு இப்படகுக்கு ஆகவே ஆகாது.

இனி அந்த நடு இருக்கை. காணொளிகளில் எல்லோரும் அதை வெட்டித் தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தறையாணிப் படகில் இருக்கை என்பது வெறும் அமரும் இடமன்று. இரு பக்கச் சுவர்களையும் உள்ளே இழுத்தும் வெளியே தள்ளியும் நிலைநிறுத்தும் குறுக்கு விட்டம் அதுவே. அதை எடுத்தால் ஒவ்வோர் அலைக்கும் பக்கங்கள் விரிந்து சுருங்கும். நீங்கள் பாடுபட்டு இறுக்கிய தறையாணிகள் ஒரே கோடையில் மறுபடியும் தளரும். அதோடு மிதக்கவைக்கும் நுரையில் கணிசமான பங்கும் போய்விடும். தளத்தின் எடையும் உண்டு: அரை அங்குல ஒட்டுப்பலகை முழுத்தாள் ஒன்றே 40 இறாத்தலைச் சுற்றி இருக்கும், சட்டமும் கம்பளமும் சேர்ந்தால் இன்னும் ஒரு சிறுவனை ஏற்றியதற்குச் சமம். தளம் உயர உயர அதன்மேல் நிற்பவரின் எடையும் உயர்ந்து, படகு சரியத் துடிக்கும். ஸ்கூகொக் மிக ஆழம் குறைந்த ஏரி. காற்றெழுந்தால் அங்கே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் நெருங்கி வரும். நான்கு பெரியவர்களோடு அந்த அலையில் உயர்த்திய தளத்தில் நிற்பதை நான் விரும்பமாட்டேன். முதலில் கொள்ளளவுத் தகட்டைப் படியுங்கள்: எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு எடை என்று அதில் இருக்கும், அந்த எடைக்குள் இயந்திரமும் எரிபொருளும் தூண்டில் பெட்டியும் அடங்க வேண்டும். மூவர் என்று எழுதியிருந்தால், நண்பர்களில் ஒருவரிடம் அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். தளம் வேண்டுமானால், இருக்கைகளுக்கு நடுவேயுள்ள தரைப்பகுதியில் மட்டும், கழற்றி எடுக்கக்கூடிய மெல்லிய பலகையைத் தாழப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊறிய நுரையை மாற்ற, இருக்கையின் மேல்தகட்டைத் தறையாணிகளைத் துளைத்துத் திறந்து, கட்டட வேலைக்கு விற்கும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிற அடர்நுரைப் பலகையை வெட்டி அடுக்கினால் போதும். அடியில் நீர் ஓடச் சிறு இடைவெளி விடுங்கள். பெற்றோல் பட்டால் அந்த நுரை கரைந்துவிடும் என்பதால் எரிபொருள் தாங்கி அருகே வேண்டாம். எடுத்த அளவுக்குக் குறையாமல் திரும்ப வைத்து, மேல்தகட்டை மீண்டும் தறையாணியால் மூடுங்கள்.

பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலுமினியத்துக்குப் பூச்சு அழகுக்காக மட்டுமே. அடித்தே ஆக வேண்டும் என்றால், உரிந்த பகுதிகளைத் தேய்த்து, தகட்டை அரித்துப் பிடிக்கும் வகை அடிப்பூச்சை அன்றே அடியுங்கள். தேய்த்துவிட்டு ஒரு வாரம் விட்டால் ஒக்சைட் மீண்டும் படர்ந்து, பூச்சு பாம்புச் சட்டைபோல் கழன்று வரும்.

ட்ரெய்லரில் சக்கர உருளைகளுக்குப் புது மசகு ஏற்றுங்கள், விளக்குகளைப் பாருங்கள், டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பள்ளம் தேயாத டயரும் பத்து வருடமாகியிருந்தால் நெடுஞ்சாலை 401-இல் வெடிக்கக்கூடும். முதல் பயணத்தில் இருபது நிமிடத்துக்குப் பின் நிறுத்திச் சக்கர மையத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருக்கக்கூடாது. படகுக்குள் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் வீசுகயிறு, துடுப்பு, நீர் இறைக்கும் கலம், ஊதல் ஆகியவை இருக்கட்டும்.

முதல் நாள் நீரில் இறக்கியதும் ஓட்டிப் போய்விடாதீர்கள். துறையில் கட்டியபடியே இருபது நிமிடம் வைத்து, தரைப்பலகையைத் தூக்கி, வட்டம் போட்ட இடங்களைப் பாருங்கள். ஒரு பருவம் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை தண்ணீர் விட்டுச் சோதியுங்கள். அப்புறம் அந்த வடிகால் அடைப்பான்: ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல், ஓர் ஏரியின் உயிரினங்கள் இன்னோர் ஏரிக்குப் பரவாமலிருக்க, படகைச் சாலையில் கொண்டுபோகும்போது அடைப்பானைக் கழற்றி, நீரை வடித்து, ஒட்டியிருக்கும் களைகளையும் அகற்ற வேண்டும். கழற்றியதை மீண்டும் போட மறப்பது இயல்பு; நானும் மறந்து, இறங்குதுறையில் கணுக்கால் நனைந்த பிறகுதான் குளிர்ந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். அன்றிலிருந்து அடைப்பானை வாகனச் சாவியோடு ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன்.